ஆமைக்கும் ஒரு ஸ்விட்ச்

மயிலாடுதுறையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நாங்கள் இருவரும் இன்னும் மாயவரம் என்றுதான் அந்த ஊரைச் சொல்லுகிறோம். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகையால் போஸ்ட்மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுவதும் பிறத்தியாருடைய கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகுதான் தாமே கடிதம் எழுத ஆரம்பித்தார். கனடாவில் இருக்கும் மகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைதோறும், கம்ப்யூட்டரில், தமிழில், நாலு பக்கம். ஊர் வம்பு, காவிரியில் தண்ணீர் வந்தது வராதது, வாழைத்தார் விலை, எல்லாம் அதில் இருக்கும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை அவரிடமிருந்து டெலிபோன் வந்தது.

"என்னய்யா எழுத்தாளரே, கொஞ்சம் வந்துவிட்டுப் போகிறீரா? கீபோர்டு செத்துப்போய்விட்டது."

"புதிது ஒன்று வாங்கிவிடுங்களேன், ஸார்."

"வாங்கியாகிவிட்டது. அதுவும் செத்துப்போய்விட்டது."

இப்படி ஒரு சமாசாரத்தைக் கேட்டபின் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அவர் சொன்னது உண்மைதான். எந்த எழுத்தைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் விழவில்லை. மௌஸ் ஒழுங்காக ஓடியது. படங்கள் தெரிந்தன. கீபோர்டு மட்டும் மௌன விரதம். கடைக்காரர், "யந்திரமே பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாராம்.

"கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை. 'அடைமழை'க்கு மேலே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதோ சத்தம் கேட்டது. இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. 'எஸ்' என்று போட்டேன்."

"என்ன கேள்வி?"

"யார் படித்தார்கள்? நம்மை ஏதாவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவதுதானே மரியாதை!"

இந்த மரியாதைதான் விபரீதத்துக்குக் காரணம் என்று எனக்கு லேசாகப் புரிந்தது. யந்திரம் சாகவில்லை, அதற்குள் எங்கேயோ ஒரு ஸ்விட்ச் இடம் மாறியிருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஐந்து நிமிஷத்தில் முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

அவருடையது விண்டோஸ் 10. அதில் 'செட்டிங்ஸ்' என்று ஒரு பெரிய கூடம் இருக்கிறது. கீபோர்டு சம்பந்தமான கோளாறு, ஆகவே கீபோர்டு என்ற அறைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ஒரு அறையா இருந்தது! சாதனங்கள் என்ற பகுதியில் தட்டெழுத்துக்கென்று ஓர் அறை. காலமும் மொழியும் என்ற பகுதியில் தமிழ், ஆங்கிலப் பலகைகளுக்கென்று ஓர் அறை. இவை போதாவென்று, 'கண்ட்ரோல் பேனல்' என்ற பழைய கட்டடம் ஒன்று பின்புறத்தில் அப்படியே இருக்கிறது. அதிலும் கீபோர்டு என்று ஓர் அறை. மூன்றிலும் நுழைந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நாலாவதாக ஒரு கீபோர்டு அறை இருந்தது. அது வேறொரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்தபடியால் எனக்குத் தோன்றவே இல்லை.

தேடும் பெட்டி ஒன்று மேலே இருக்கிறதே, அதில் எழுதித் தேடினால் என்ன என்று கேட்பீர்கள். எழுதுவதற்குக் கீபோர்டு வேண்டாமா?

அந்த நாலாவது அறையைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். ஒரே சாமானுக்கு நாலு அறை எப்படி வந்தது என்ற கேள்வி அன்று முதல் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பழைய வீட்டைப் பார்த்தால் அதில் வாழ்ந்தவர்களின் கதை தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

* * *

'கண்ட்ரோல் பேனல்' என்ற பெயர் கம்ப்யூட்டர் திரையைவிட வயதானது. 1940-களில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்குப் போடும் யந்திரங்களை ஐ.பி.எம். கம்பெனி செய்து வந்தது. அவற்றில் ஒன்றான 402 என்ற யந்திரம் 1948-ல் வந்தது. அதன் பக்கத்தில் நூற்றுக்கணக்கான துவாரங்கள் கொண்ட ஒரு பலகை. ஒரு துவாரத்திலிருந்து இன்னொன்றுக்கு கம்பி மாட்டவேண்டும். அட்டையில் இந்த இடத்தில் உள்ள எண்ணைக் காகிதத்தில் அந்த இடத்தில் அச்சடி, இதையும் அதையும் கூட்டு என்று கட்டளையிடுவதெல்லாம் கம்பியால்தான். அந்தப் பலகைக்குத்தான் கண்ட்ரோல் பேனல் என்று பெயர். சம்பளப் பட்டியலுக்கு ஒரு பலகை, சரக்குக் கணக்குக்கு ஒரு பலகை என்று கம்பி மாட்டியபடியே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேலை மாறும்போது பலகையைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவார்கள். அந்தக் காலத்தில் வழி தெரியாமல் தவிப்பது என்றால் கண்ணெதிரே ஒரு நூல்கண்டு சிக்கிக் கிடப்பது போல. சிக்கல்தான், ஆனால் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

1981 ஆகஸ்டில் அதே கம்பெனி மேஜைமேல் வைக்கும் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. கம்பிப் பலகை போய்விட்டது. ஆனால் பெட்டியைத் திறந்தால், உள்ளே தாய்ப்பலகையின் மேல் நெல்மணி அளவில் வரிசையாகச் சின்ன ஸ்விட்சுகள். ஒரு வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை. எவ்வளவு நினைவகம் இருக்கிறது, எந்த மாதிரித் திரை மாட்டியிருக்கிறது என்பதையெல்லாம் பேனா முனையால் அந்த ஸ்விட்சுகளைத் தள்ளித்தான் யந்திரத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

1983-ல் டாஸ் என்னும் இயக்கமுறையின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஸ்விட்சுகளில் சில எழுத்தாக மாறின. 'கான்ஃபிக்.சிஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு. அதில் வரிவரியாகக் கட்டளைகள். 'ஃபைல்ஸ் = 20' என்று எழுதினால் ஒரே சமயத்தில் இருபது கோப்புகள் திறந்திருக்கலாம் என்று அர்த்தம். யந்திரத்தை எழுப்பும்போது அது இந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பட்டியல் கிடையாது, படம் கிடையாது. என்னென்ன எழுதலாம் என்பதைத் தடித்த புஸ்தகத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். மந்திரம் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும். தெரியாதவனுக்குக் கதவு இருப்பதே தெரியாது.

இதற்கு நேர்மாறான யோசனை ஒன்றும் அதே காலத்தில் பிறந்தது. 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை பதினாறாயிரம் டாலருக்கு மேல். ஆகவே வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதன் கீபோர்டில் 'குணங்கள்' என்று ஒரு தனி விசை இருந்தது. திரையில் ஓர் எழுத்தையோ, ஒரு காகிதப் படத்தையோ தொட்டுக் காட்டி அந்த விசையை அழுத்தினால், அந்தப் பொருளின் குணங்கள் எல்லாம் ஒரு சீட்டாக விரியும். வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பொருளை மாற்றவேண்டுமோ அதனிடமே போய்க் கேட்பது. தனியாக ஒரு காரியாலயத்துக்கு மனுப் போடுவது இல்லை. இதைவிட இயல்பான வழி இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பது என் அபிப்பிராயம். இன்று மௌஸின் வலது பொத்தானைத் தட்டி 'பிராப்பர்டீஸ்' என்று பார்க்கிறோமே, அது அந்த யோசனையின் வாரிசு.

* * *

பிறகு 1984 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் மேக்கின்டாஷ் வந்தது. சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதன் கண்ட்ரோல் பேனலை ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு என்ற இளைஞர் எழுதினார். படம் வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. ஹெர்ட்ஸ்ஃபெல்டின் பள்ளித்தோழி, சிற்பக்கலையில் ஈடுபட்டவர், கம்ப்யூட்டரோடு அதற்குமுன் சம்பந்தமே இல்லாதவர். கட்டம்போட்ட நோட்டுப் புஸ்தகத்தை வாங்கி, கட்டத்துக்குக் கட்டம் கறுப்படித்துத்தான் முதல் படங்களை அவர் பழகினாராம். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலத்தை நோட்டில் போட்டுப் பார்ப்பது போல.

அந்தக் கண்ட்ரோல் பேனல் முழுவதும் ஒரே ஒரு சின்ன ஜன்னல். அறைகள் இல்லை, கதவுகள் இல்லை, போய்த் திரும்ப வழி தேடவேண்டியதும் இல்லை. எல்லாம் ஒரே பார்வையில். விளக்கத்துக்குச் சொற்களை நம்பாமல் பெரும்பாலும் படங்களாலேயே காரியத்தை முடித்திருந்தார்கள். சத்தத்துக்கு பூஜ்யம் முதல் ஏழு வரை ஒரு நழுவு விசை. மணி, தேதி. மேஜையின் பின்னணிக் கோலம். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப விழ வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல்! படிப்பு வேண்டாம், பாஷை வேண்டாம். அந்தக் கதை தெரியாத குழந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது?

அந்த யந்திரத்துக்கு மொத்த நினைவகம் 128 கிலோபைட். இன்று ஒரு கல்யாணப் புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். இடம் குறைவு, ஆகவே அமைப்புகளும் குறைவு. சிக்கனம்தான் அந்த அழகுக்குத் தாய்.

அழகு நிலைக்கவில்லை. அச்சு யந்திரம் புதிதாக வந்தது, வண்ணத்திரை வந்தது, யந்திரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலை வந்தது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் கேட்டது. 1991-ல் வந்த மேக்கின்டாஷின் சிஸ்டம் 7-ல் கண்ட்ரோல் பேனல் என்பது ஒரு ஜன்னலாக இல்லாமல், பல பேனல்கள் அடங்கிய ஓர் உறையாகவே மாறிவிட்டது.

* * *

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். 1985 நவம்பரில் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே ஒரு கண்ட்ரோல் பேனல் இருந்தது. நாம் அதில் செய்யும் மாறுதல்களை அது 'வின்.இனி' என்ற கோப்பில் எழுதி வைக்கும். அதாவது, பழைய சீட்டு அப்படியேதான் இருந்தது; நாம் தொடுவதற்குச் சௌகரியமாக முன்பக்கத்தில் ஒரு திண்ணை கட்டினார்கள். பின்னால் 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, சிதறிக் கிடந்த சீட்டுகளை எல்லாம் 'ரிஜிஸ்ட்ரி' என்ற ஒரே பெரிய பேரேட்டில் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பேரேட்டை நேராகத் தொடுவது தாசில்தார் ஆபீஸ் பதிவேட்டை நாமே திருத்துவதற்குச் சமானம். தெரிந்தவர்கள்கூடக் கை நடுக்கத்தோடுதான் செய்வார்கள்.

இங்கே ஒரு முக்கியமான ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். கண்ட்ரோல் பேனலில் வெளியாரும் அறை கட்டிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் அனுமதித்தது. ஒலி அட்டை செய்கிறவர், அச்சு யந்திரம் செய்கிறவர், யாரும் தம்முடைய சாதனத்துக்கென்று ஒரு சின்னத்தை அதில் கொண்டுவந்து மாட்டலாம். தாராள குணம்தான். ஆனால் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும்: வீட்டை இடித்துக் கட்டவேண்டும் என்று நினைக்கும்போதுதான் குடித்தனக்காரர் ஞாபகம் வரும்.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. சின்னங்கள் அதிகமாகிவிட்டன என்று அவற்றை வகை பிரித்தார்கள். பழக்கப்பட்டவர்கள் முகம் சுளிப்பார்களே என்று பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு வழியும் வைத்தார்கள். பழக்கப்பட்டவர்கள் முதல் காரியமாக அந்த வழியில்தான் போனார்கள். 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் தேடும் பெட்டி ஒன்றைக் கண்ட்ரோல் பேனலின் மூலையில் வைத்தார்கள். வீட்டுக்காரனே தன் வீட்டில் ஒன்று எங்கே இருக்கிறது என்று ஆளை விட்டுத் தேடச் சொல்லும் நிலைமை வந்துவிட்டது என்பதற்கு அதைவிட ஒப்புதல் வேண்டுமா?

2012-ல் விண்டோஸ் 8. விரலால் திரையைத் தொடும் காலம் வந்துவிட்டது; பழைய அறைகளின் கதவுகளோ விரல் நுழையாத அளவு சின்னவை. ஆகையால் அகலமான கதவுகளோடு 'பி.சி. செட்டிங்ஸ்' என்று புது வீடு ஒன்றை முன்புறத்தில் கட்டினார்கள். பழையதை இடிக்கவில்லை. இடிக்க முடியவில்லை. குடித்தனக்காரர்கள் இருந்தார்கள், கிட்டத்தட்ட முப்பது வருஷத்துப் பழக்கம் இருந்தது, பழைய அறைக்குள் மட்டுமே இருந்த சாமான்கள் இருந்தன. 2015-ல் வந்த விண்டோஸ் 10-லும், 2021-ல் வந்த விண்டோஸ் 11-லும் புது வீட்டுக்குச் சாமான்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. பழைய வீடும் கூடவே நின்றது. புது வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் திடீரென்று பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்போம். ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு.

விண்டோஸ் 7 காலத்தில், 2010-ல், ஒரு தந்திரம் பிரபலமாயிற்று. நீளமான ரகசிய எண் ஒன்றைப் பெயராக வைத்து ஓர் உறையை உண்டாக்கினால், இருநூறுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே பட்டியலாக அதில் வந்து நிற்கும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'கடவுள் நிலை'. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது என்பது கடவுளால்தான் முடியும் என்ற நிலைக்கு மனிதர்கள் வந்துவிட்டார்கள்!

மேக்கின்டாஷ்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2022-ல் அவர்களுடைய 'சிஸ்டம் பிரஃபரன்ஸஸ்' என்பது 'சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று பெயரும் மாறி, உருவமும் மாறி, கைப்பேசியில் உள்ளதுபோல் நீண்ட பட்டியலாகிவிட்டது. பழைய ஆட்கள் அங்கேயும் வழி தெரியாமல்தான் நின்றார்கள்.

* * *

இதுவரை படித்தவர்களுக்கு, இந்த ஸ்விட்சுகள் எல்லாம் எதற்கு, பாதியை எடுத்து எறிந்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. அப்போதெல்லாம் நான் ஒரு சின்னச் சதுரத்தை நினைத்துக்கொள்வேன்.

1991-ல் வெளிவந்த யூனிகோடு முறையிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது. ஆனால் நான் முதன் முதலில் அதில் ஒரு தமிழ்க் கடிதத்தைத் திறந்தபோது 'பெண்' என்ற சொல் பிய்த்துப்போட்டது போலக் கிடந்தது. காரணம் இதுதான். கொம்பு கண்ணுக்குப் பகரத்தின் முன்னால் நிற்கிறது. யந்திரத்தின் கணக்கிலோ பகரத்துக்குப் பின்னால் வருகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வித்தையை எக்ஸ்பி தானாகச் செய்யாது. கண்ட்ரோல் பேனலில், பிராந்தியமும் மொழியும் என்ற அறைக்குள், மொழி என்ற ஏட்டில், 'சிக்கலான எழுத்து முறைகள்' என்ற ரீதியில் ஒரு வரி. அதன் பக்கத்தில் ஒரு சதுரம். அதில் ஒரு குறி போடவேண்டும். போட்டால் விண்டோஸின் குறுந்தட்டைக் கொண்டுவா என்று கேட்கும். கொடுத்துவிட்டு யந்திரத்தை அணைத்து எழுப்பினால், 'பெண்' பெண்ணாக நிற்பாள்.

இங்கிலீஷ்காரன் ஒருவனுக்கு அந்தச் சதுரம் அனாவசியம். அவன் ஆயுள் முழுவதும் அதைப் பார்த்திருக்கவே மாட்டான். எனக்கு என் பாஷையே அந்தச் சதுரத்துக்குள் இருந்தது. எட்டுக்கோடி ஜனங்கள் பேசும் மொழி ஒரு குறிக்காகக் காத்துக்கொண்டு நின்றது. விஸ்டா முதல் அந்தச் சதுரம் தேவையில்லாமல் போயிற்று. தமிழ் தானாகவே சரியாக வந்தது. சில ஸ்விட்சுகளுக்கு அதுதான் மோட்சம். எல்லோருக்கும் இயல்பாகிவிட்டால் அவை மறைந்துவிடலாம். ஆனால் அதுவரை அவை எங்கேயாவது இருந்துதான் ஆகவேண்டும்.

* * *

இனி மாயவரத்துக்குப் போகலாம்.

மாலை நாலு மணிக்கு அந்த நாலாவது அறையைக் கண்டுபிடித்தேன். 'ஈஸ் ஆஃப் அக்ஸஸ்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்தது. பெயரைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்க முடியுமா? விண்டோஸ் 95-ல் 'அக்ஸஸிபிலிட்டி' என்ற பெயரோடு தொடங்கிய அறை அது. விஸ்டாவில் பெயர் மாறிற்று. விண்டோஸ் 11-ல் பழைய பெயரே திரும்பிவந்தது. உடல் ஊனமுற்றவர்களும் வயதானவர்களும் கம்ப்யூட்டரை ஆளுவதற்கான வசதிகள் அதில்தான் இருக்கின்றன.

உள்ளே 'ஃபில்டர் கீஸ்' என்ற ஸ்விட்ச் போட்டிருந்தது. அது போட்டிருந்தால், விசையைச் சட்டென்று தட்டினால் யந்திரம் கண்டுகொள்ளாது. நிதானமாக அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். வலது பக்கத்து ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி அழுத்திக்கொண்டிருந்தால், இதைப் போடட்டுமா என்று யந்திரம் கேட்கும். போஸ்ட்மாஸ்டர் அடைமழைக்கு மேலே வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய சுண்டுவிரல் அங்கே சாய்ந்திருக்கிறது. அவரும் மரியாதைக்கு ஆமாம் சொல்லியிருக்கிறார்.

"இப்படியும் ஒரு பைத்தியக்கார ஏற்பாடு உண்டா? கைதவறி விழுகிற இடத்திலா ஸ்விட்சை வைப்பது?" என்று அவர் கொதித்தார். அப்போது நானும் ஆமாம் போட்டேன். பிற்பாடு சரித்திரத்தைப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், 'டிரேஸ் சென்டர்' என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் அப்போது இருந்தது. பேசமுடியாமல், கைகால்களும் வசமில்லாமல் இருந்தவர்கள் தம் மனத்தில் உள்ளதை வெளியே சொல்ல வழி தேடி 1971-ல் அது தொடங்கிற்று. கிரெக் வாண்டர்ஹைடன் என்பவர் அதன் தலைவராக இருந்தார். ஒரே விரலால் தட்டுகிறவர் ஷிஃப்டையும் எழுத்தையும் சேர்த்து எப்படி அழுத்துவார்? வாயில் குச்சியைக் கவ்வித் தட்டுகிறவர் எப்படி அழுத்துவார்? கை நடுங்குகிறவர் ஒரு விசையை ஒரே ஒரு முறை தொடுவது எப்படி? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவர்கள் விடை கண்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் மேக்கின்டாஷில் இப்படிப்பட்ட வசதிகள் இடம்பெற்றன. விண்டோஸ் 3.0-க்குத் தனிப் பொதியாக டிரேஸ் சென்டரே செய்து கொடுத்தது. விண்டோஸ் 95 முதல் இவை இயக்கமுறையோடு சேர்ந்தே வரத் தொடங்கின.

சரி, ஏன் கைதவறும் இடத்தில் வைத்தார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த வசதி இல்லாமல் யந்திரத்தைத் தொடமுடியாத ஒருவர், அதைப் போடுவதற்கு மட்டும் எப்படி ஐந்து அறைகளைக் கடந்து போவார்? சாவியை அறைக்குள் வைத்து அறையைப் பூட்டுவது போலல்லவா அது? ஆகவே, எந்தத் திரையிலிருந்தும், யார் உதவியும் இல்லாமல், ஒரே விரலால் திறக்கும்படி ஒரு வாசலை வெளியே வைத்தார்கள். நமக்கு அது தடுக்கி விழும் படி. அவர்களுக்கு அது ஒன்றுதான் படி.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்விட்சை அணைக்கப் போனேன். சமையல் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டரின் மனைவி, "தம்பி, கொஞ்சம் இருங்கள்" என்றார்.

அந்த அம்மாளுக்குக் கைநடுக்கம். நாலைந்து வருஷமாக இருக்கிறது. முன்பெல்லாம் கணவர் எழுதும் கடிதத்தின் கீழே மகளுக்குத் தாமும் பத்து வரி எழுதுவாராம். நடுக்கம் வந்த பிறகு விசையைத் தொட்டால் ஓர் எழுத்துக்கு நாலு எழுத்து விழுந்தது. 'கண்ணம்மா' என்று எழுதப்போனால் ககரமே ஒரு வரிக்கு ஓடும். விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கணவர்தான், "அம்மா சௌக்கியம், உன்னைக் கேட்டாள்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இவர் எல்லாவற்றையும் தந்தி மாதிரி எழுதிவிடுகிறார், தம்பி. நான் கேட்டது அதுவா?" என்றார் அந்த அம்மாள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். விரல் ஆடிக்கொண்டே விசையைத் தேடியது. இரண்டு மூன்று தரம் பட்டது, யந்திரம் கண்டுகொள்ளவில்லை. பிறகு விரல் ஊன்றி நின்றது. ஓர் எழுத்து விழுந்தது. ஒன்றே ஒன்று. அடுத்தது. 'கண்ணம்மா' என்று முடிக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை அணைக்காதீர்கள், எனக்கு இருக்கட்டும்" என்றார் அம்மாள்.

"எனக்கு வேண்டாமே!" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

இந்தக் குடும்பத் தகராற்றுக்கும் யந்திரத்தில் வழி இருந்தது. விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவரவர் அமைப்பு அவரவர் கணக்கோடு நிற்கும். அம்மாளுக்கு ஒரு கணக்குத் திறந்து, அதில் ஃபில்டர் கீஸைப் போட்டேன். அவருடையதில் அணைத்தேன், வலது ஷிஃப்ட் கூப்பிட்டாலும் கேட்காதே என்றும் சொல்லிவைத்தேன். அந்த அணைப்பும் அதே அறையில்தான் இருந்தது.

வழி தெரியாமல் திண்டாடுகிற வாசகர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு யோசனை. ஒரு அறையைப் பெயரைக்கொண்டு தேடாதீர்கள். பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பொருள் தொந்தரவு செய்கிறதோ அதன்மேலேயே வலது பொத்தானைத் தட்டிப் பாருங்கள். பல சமயம் அங்கேயே ஒரு கதவு இருக்கும். மற்றொன்று, உங்களுக்கு அனாவசியமாகத் தோன்றும் ஸ்விட்சைப் பார்த்துச் சபிக்காதீர்கள். அது யாருக்கோ வைத்தது. அந்த யாரோ உங்கள் வீட்டுச் சமையல் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

மாயவரத்திலிருந்து இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு கடிதங்கள் போகின்றன. ஒன்று நாலு பக்கம். மற்றொன்று நாலே வரி. அதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறதாம். மகள் முதலில் படிப்பது அதைத்தான் என்று போஸ்ட்மாஸ்டர் கொஞ்சம் பொறாமையோடு சொல்லுகிறார்.